கதவருகே ஒரு ஜோடிக் காலணி: திகில் படங்களில் பதற்றம் எப்படிக் கட்டப்படுகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் பயிலும் மாணவி ஒருவர் 12 நிமிடத் திகில் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறார். இரவு வேலை முடிந்து திரும்பும் ஓர் இளம்பெண் சிங்கப்பூரில் 11ஆம் மாடியிலுள்ள தன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் நுழைகிறாள்; உள்ளே யாரோ இருப்பதுபோல் தோன்றுகிறது; உதவிக்கு அழைக்கப் பார்த்தால் கைப்பேசியில் மின்கலம் தீர்ந்துபோயிருக்கிறது; கடைசியில், ஒளிந்திருந்தவன் ஓராண்டாக வீட்டுப் பக்கமே வராத அவளுடைய தம்பி என்று தெரிகிறது. நண்பர்களுக்குத் திரையிட்டபோது முடிவில் எல்லாரும் வியந்தார்களாம்; ஆனால் அதுவரை பாதிப் பேர் தங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "இசை போதவில்லையா, எடிட்டிங் வேகம் போதவில்லையா? பெரிய படங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் படத்தை இரண்டு முறை பார்த்தேன். இங்கே தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்குப் படத்தொகுப்புச் செய்தே இருபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். கோளாறு எடிட்டிங்கில் இருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பேன். கோளாறு அங்கே இல்லை, இசையிலும் இல்லை. உள்ளே இருப்பது தம்பி என்ற ஒரே ஒரு செய்தியைக் கடைசி நிமிடம்வரை காப்பாற்றுவதற்காக, பார்வையாளருக்குக் கொடுத்திருக்க வேண்டிய அத்தனையையும் சேர்த்து மறைத்துவிட்டீர்கள். மறைத்தால் புதிர் கிடைக்கும், பதற்றம் கிடைக்காது. புதிரை எதிர்கொள்பவர் சாய்ந்து உட்கார்ந்து யோசிப்பார். பதறுகிறவருக்கோ நடக்கவிருப்பது பாதியாவது தெரிந்திருக்கும். அது நடந்துவிடக் கூடாதே என்றுதான் அவர் தவிப்பார்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக விளக்கியவர் திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ அவரிடம் எடுத்த நீண்ட பேட்டியில், மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டைப் பற்றி ஓர் உதாரணம் சொல்கிறார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில், குண்டு வைக்கப்படுவதை நாம் முன்பே பார்த்துவிட்டோம், ஒரு மணிக்கு அது வெடிக்கும் என்பதும் நமக்குத் தெரியும், சுவர்க் கடிகாரம் ஒன்றாகக் கால் மணி நேரம் இருப்பதாகக் காட்டுகிறது என்றால், அந்த இருவரின் சுவையற்ற பேச்சு ஒரு சொல்கூட மாறாமல் 15 நிமிடமும் நம்மைக் கட்டிப்போடும். சினிமா வகுப்புகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன உதாரணம்தான் இது. ஆனால் இதன் பின்பாதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: அப்படிப் பதறவைத்த பிறகு அந்தக் குண்டு வெடிக்கக் கூடாது என்பது ஹிட்ச்காக்கின் கருத்து. அவர் பட்டுத் தெரிந்துகொண்டது அது. 1936இல் வந்த 'சபோட்டாஜ்' படத்தில், கையில் இருப்பது வெடிகுண்டு என்று அறியாத ஒரு சிறுவன் பொட்டலத்தோடு லண்டன் தெருக்களைக் கடக்கிறான், 1.45க்கு அது வெடிக்கும் என்பது நமக்குத் தெரியும். தெருவில் பற்பசை விற்பவன் அவனைப் பிடித்து நிறுத்துகிறான், ஊர்வலம் வழி மறிக்கிறது, கடைசியில் பேருந்தில் ஏறுகிறான், குண்டு வெடித்துவிடுகிறது. பார்வையாளர்கள் கோபப்பட்டார்கள், அதைத் தம் தவறென்றே ஹிட்ச்காக் பிற்காலத்தில் சொன்னார். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு கிடையாது, வெடித்தே தீர வேண்டிய கதைகளும் உண்டு. இருந்தாலும், தெரியப்படுத்துவது என்பது பார்வையாளரிடம் கடன் வாங்குவதைப் போன்றது, அதை எப்படித் திருப்பித் தருவது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்ற அளவில் அந்தப் பாடம் செல்லும்.

இப்போது உங்கள் படத்தின் இரண்டாவது நிமிடத்துக்கு வருவோம். அந்தப் பெண் தாழ்வாரத்தில் நடந்து வருகிறாள், பையில் சாவியைத் தேடுகிறாள், இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போகிறாள். கேமரா முழுக்க முழுக்க அவள் முகத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு ஷாட்டை மட்டும் மீண்டும் எடுங்கள். கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காலணி அடுக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுக்கில் பெண்களின் காலணிகள் மூன்று ஜோடி. அதற்குக் கீழே, தரையில், மழையில் நனைந்த ஆண் காலணி ஒரு ஜோடி. அவள் பைக்குள் பார்த்தபடி தன் காலணியைக் கழற்றுகிறாள். அவளுடைய பாதம் அந்த ஈரக் காலணியை உரசினாற்போல் வருகிறது, உரசவில்லை. உள்ளே போய்விடுகிறாள், கதவு மூடுகிறது. கேமரா காலணியை விட்டு அசையாமல் நான்கு விநாடி நிற்கட்டும்.

இந்த ஊரில் வீட்டுக்குள் காலணியோடு யாரும் போவதில்லை. கதவுக்கு வெளியே கிடப்பவற்றை எண்ணினாலே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். ஆகவே அந்த நான்கு விநாடிக்குப் பிறகு, அவள் முகம் கழுவுவது, தண்ணீர் குடிப்பது, விளக்கைப் போடாமலே சோபாவில் சாய்வது என நீங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் சாதாரண ஷாட்டுகள் அனைத்தும் வேறு பொருள் பெற்றுவிடும். பார்வையாளர் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டைப் பார்க்கத் தொடங்குவார். உங்கள் முடிவுக்கும் இதனால் சேதமில்லை. உள்ளே ஒருவன் இருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது, அவன் யார் என்பது தெரியவில்லை. இன்னும் சொன்னால், திருட வந்தவன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டா உள்ளே போவான்? பயத்தில் இருக்கும்போது அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது. தம்பி வெளிப்பட்டதும் தோன்றும். விடை கண்முன்னே கிடந்ததே என்று நினைப்பார்கள். இப்படிப்பட்ட திருப்பத்தைத்தான் நேர்மையான திருப்பம் என்பேன்.

தெரிந்த செய்தியின் மேல் தெரியாத செய்தியை ஏற்றிவைக்கும் இந்த அடுக்கு முறைக்கு நம் மொழியில் நல்ல உதாரணம், ஜீத்து ஜோசப் இயக்கத்தில் 2015இல் வந்த 'பாபநாசம்'. 2013இல் வந்த தம்முடைய மலையாளப் படம் 'திருஷ்யம்' கதையையே அவர் தமிழில் மீண்டும் எடுத்தார். ஒரு குடும்பத்தை மிரட்ட வந்த இளைஞன் எப்படி இறந்தான், யார் கையால் இறந்தான் என்பதை நாம் நேரில் பார்த்துவிடுகிறோம். துப்பறிவதற்கு நமக்கு எதுவும் மிச்சமில்லை. அதனாலேயே போலீஸ் விசாரணைக் காட்சிகளில், பேசத் தெரிந்த தகப்பனை விட, அடி தாங்காத சின்னப் பெண்ணின் உதடுகளையே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அங்கிருந்துதான் கசியும் என்று நமக்குத் தெரியும். இவ்வளவையும் நம்மிடம் சொல்லிவிட்ட இயக்குநர் ஒரே ஒரு செய்தியை மட்டும் தம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைசி நிமிடங்களில் எடுத்து நீட்டுகிறார். அந்தப் படத்தில் பதற்றம் சொன்னவற்றிலிருந்தும், வியப்பு சொல்லாத அந்த ஒன்றிலிருந்தும் வருகின்றன. நீங்கள் இந்த இரண்டுக்கும் ஒரே செய்தியை நம்பியிருந்தீர்கள்.

இதே இடத்தில், மின்கலம் தீர்ந்துபோன அந்தக் கைப்பேசியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். சிங்கப்பூரில் திகில் கதை எழுதும் எவரும் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவள் ஏன் போலீஸ் எண்ணான 999ஐ அழைக்கவில்லை? சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் இருக்கிறார்கள், கூப்பிட்டால் கதவைத் திறப்பார்கள். மின்கலம், சிக்னல் போன்ற காரணங்கள் பார்வையாளரை அந்த நிமிடமே கதையிலிருந்து வெளியேற்றிவிடும். அவளால் அழைக்க முடியவில்லை என்பதை விட, அழைக்க அவளுக்கே விருப்பமில்லை என்று ஆக்குவது எவ்வளவோ மேல். தம்பி கடன் முதலைகளுக்காக (சட்டவிரோதமாகக் கடன் கொடுப்பவர்களுக்காக) வேலை செய்து, மிரட்டலாக யார் வீட்டுக் கதவிலோ சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுத் தலைமறைவானவன் என்று வையுங்கள். போன மாதம் விசாரிக்க வந்த போலீசாரிடம் அவனைப் பற்றி எதுவும் தெரியாது என்று அக்காள் பொய் சொல்லியிருக்கிறாள். இப்போது கைப்பேசி அவள் கையில் இருக்கிறது, முழுச் சக்தியோடு இருக்கிறது, 999இன் முதல் இரண்டு எண்ணையும் அழுத்திவிட்டு நிற்கிறாள்.

மறைக்க ஏதோ ஒன்று இருக்கும் மனிதரோடு பார்வையாளரைச் சேர்த்துக் கட்டிவிடுவது பழைய தந்திரம், இன்னும் பழுதாகாத தந்திரம். 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் குளியலறைக் கொலையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதை விட முக்கியமாகப் படுவது அதன் பின் வரும் காட்சி. படம் பாதியை எட்டும் முன்பே கதாநாயகி இறந்துவிட்டாள். நாம் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. அவள் தங்கியிருந்த விடுதியை நடத்தும் நார்மன் அந்தக் குளியலறையைக் கழுவுகிறான், துடைக்கிறான், உடலைக் காரின் பின்பெட்டியில் ஏற்றுகிறான், காரைச் சேற்றுக் குட்டைக்குள் தள்ளிவிடுகிறான். கார் மெல்ல அமிழ்ந்து, பாதியில் நின்றுவிடுகிறது. அவன் சுற்றுமுற்றும் பார்க்கிறான். அந்தச் சில விநாடிகளில் அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் கார் மூழ்க வேண்டுமே என்று தவிக்கிறார்கள். மூழ்கியதும் நமக்கும் மூச்சு வருகிறது. ஒரு கொலையை மறைப்பதற்குத் துணைபோய்விட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைக்கிறது.

அடுத்தது காலம். 11ஆம் மாடிக்குப் போகும் மின்தூக்கிப் பயணத்தை நீங்கள் இரண்டு விநாடியில் வெட்டிவிட்டீர்கள், படம் வேகமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில். உண்மையில் உங்கள் படத்தில் கிடைத்த மிகச் சிறந்த கடிகாரம் அந்த மின்தூக்கிதான். காலணிக்கு முன்பே இன்னொரு செய்தியைக் கொடுங்கள்: கீழ்த்தளத்தில் அவள் அஞ்சல் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது, புளோக்குக்கு வெளியிலிருந்து ஓர் அகல ஷாட், 11ஆம் மாடியில் ஒரு சன்னல் விளக்கு அணைகிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. பிறகு மின்தூக்கியில் ஏற்றி, 2, 3, 4 என்று எண்கள் மாறுவதையும், கதவிலுள்ள கண்ணாடி வழியே ஒவ்வொரு தளமும் இறங்கிப் போவதையும் பொறுமையாகக் காட்டுங்கள். ஏழாம் மாடியில் நிற்கட்டும். நாய்க்குட்டியோடு ஒரு பெரியவர் ஏறி, இரண்டு மாடி போய் இறங்கட்டும், போகும்போது 'பார்த்துப் போம்மா' என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லட்டும். வேறு எந்த இரவிலும் பொருளில்லாத அந்தச் சொல் அன்றைக்குக் கனக்கும். (எல்லாத் தளங்களிலும் மின்தூக்கி நிற்காத பழைய புளோக்கு கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு மாடியைப் படிக்கட்டில் ஏற வேண்டியிருக்கும்.)

கடிகாரம் என்றால் முள்ளும் எண்ணும் இருக்க வேண்டியதில்லை. ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' படத்தில் (1946) ஒரு விருந்து நடக்கிறது. கணவனுடைய மதுக் கிடங்கின் சாவியை மனைவி திருடி உள்ளங்கையில் வைத்திருக்கிறாள், அவளுடைய கூட்டாளியான உளவாளி கிடங்குக்குள் உளவு பார்க்கப் போகிறான். மேலே விருந்தினர்களுக்கு ஊற்ற ஊற்ற ஷாம்பெயின் புட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. தீர்ந்தால் எடுத்து வரக் கணவன் கிடங்குக்கு இறங்குவான். ஐஸ் பெட்டியில் மிச்சமிருக்கும் புட்டிகளை எண்ணுவதுதான் அங்கே நேரம் பார்ப்பது. ஒன்று தீரத் தீர இன்னொன்று நெருங்கும் என்ற கணக்கு பார்வையாளர் மனத்தில் பதிந்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் எதையும் அவசரப்படுத்த வேண்டாம்.

மின்தூக்கியில் வரும் உங்கள் கதாநாயகியையும் மேலேயுள்ள அவள் வீட்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவது சினிமாவின் தொடக்கக் காலத்திலேயே வந்த முறை. டி. டபிள்யூ. கிரிஃபித் 1909இல் எடுத்த சிறிய படமான 'தி லோன்லி வில்லா'வில், வீட்டுக்குள் நுழைய முயலும் திருடர்கள், உள்ளே கதவை அடைத்துக்கொண்டிருக்கும் தாயும் பிள்ளைகளும், தொலைபேசியில் செய்தி கேட்டு விரைந்து வரும் தந்தை என மூன்று இடங்களும் மாறி மாறி வருகின்றன. இந்த முறைக்குப் பழகிய நாம், இரண்டு காட்சிகள் மாறி மாறி வந்தாலே அவை ஓரிடத்தில் சந்திக்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையையே ஏமாற்றுக்குப் பயன்படுத்தியது 1991இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்': போலீஸ் ஒரு வீட்டைச் சூழ்கிறது, கொலையாளியின் வீட்டில் அழைப்பு மணி ஒலிக்கிறது, கதவு திறக்கும்போதுதான் அவை வெவ்வேறு வீடுகள் என்று தெரிகிறது. கொலையாளியின் வாசலில் துணையின்றி நிற்பவள் நாம் யாருக்காக அஞ்சினோமோ அந்தக் கதாநாயகி. திருப்பம் பதற்றத்தைக் கூட்டிய அரிய இடங்களில் அது ஒன்று. பெரும்பாலும் திருப்பம் வந்ததும் பதற்றம் முடிந்துவிடும்.

காட்டுவதும் மறைப்பதும் ஒரே காட்சிக்குள் எப்படிக் கலக்கின்றன என்பதற்கு, பறவைகள் மனிதர்களைத் தாக்கும் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தின் பள்ளி விளையாட்டுத் திடல் காட்சியை ஒலியோடு ஒருமுறை, ஒலியில்லாமல் ஒருமுறை பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி சிகரெட் புகைக்கிறாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டத்தில் ஒரு காகம் வந்து அமர்கிறது. மீண்டும் அவள். மீண்டும் சட்டம், இன்னும் சில காகங்கள். பிறகு, நாம் எதிர்பார்க்கும் அடுத்த ஷாட்டை இயக்குநர் தரமாட்டார். கேமரா அவளிடமே தங்கிவிடும். அவள் புகைத்துக்கொண்டே இருக்கிறாள், நமக்கோ பின்னால் எத்தனை சேர்ந்திருக்கும் என்று தெரியாது, சேர்ந்துகொண்டே இருக்கின்றன என்பது மட்டும் தெரியும். கடைசியில் வானில் பறக்கும் ஒரு காகத்தை அவள் கண் தொடர்கிறது, அது போய் இறங்கும் இடத்தில் சட்டம் முழுவதும் கறுத்துக் கிடக்கிறது. இத்தனைக்கும் பின்னணி இசை கிடையாது. பள்ளிக்குள்ளிருந்து பிள்ளைகள் பாடும் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பாட்டு முடிந்தால் பிள்ளைகள் வெளியே வருவார்கள். அதுவும் ஒரு கடிகாரம்தான்.

தமிழ்ப் படங்களின் அமைப்பு இதற்குத் தடையா என்று பலர் கேட்பதுண்டு. பாட்டு தடைதான், அதனால்தான் 1954இலேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தார். சென்னை மீது 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நாளைப் பின்னணியாகக் கொண்ட கதை; தொடக்கத்திலேயே ராஜன் சுடப்படுகிறான், பிறகு சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் தம் தரப்பைச் சொல்லச் சொல்ல, இறந்துபோன அந்த ஒரே மனிதன் வெவ்வேறு மனிதனாக மாறிக்கொண்டே வருகிறான். சுட்டது யார் என்பதை 70 ஆண்டு கடந்தும் நான் சொல்லப்போவதில்லை. இடைவேளை வேறு விதமான சிக்கல். தமிழ்த் திரைக்கதை இடைவேளைக்கென்று ஓர் உச்சத்தைக் கட்டுகிறது, அதன் பிறகு தேநீரும் பேச்சுமாகப் பத்து நிமிடம் கழித்து வருபவருக்காக இரண்டாம் பாதியை நிதானமாகத் தொடங்குகிறது. இங்குள்ள அரங்குகளில் நான் பார்த்த பல காட்சிகளில் 'இடைவேளை' என்ற எழுத்து வந்து மறையும், படம் நிற்காமல் ஓடும். அந்த இடத்தில் கயிறு தொய்வது வெறும் கண்ணுக்கே தெரியும். இவை இரண்டையும் விட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, இரண்டாம் பாதியில் கொலையாளியின் சிறுவயதுத் துயரத்தை இருபது நிமிடம் விவரிக்கும் வழக்கம். காரணம் தெரிந்த பூதத்திடம் யாருக்கும் பயம் இருப்பதில்லை. உங்கள் படத்திலும் கடைசி இரண்டு நிமிடம் தம்பி தன் கதையைச் சொல்கிறான். அதில் ஒன்றரை நிமிடத்தை எடுத்துவிடுங்கள்.

இசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இசை பதற்றத்தை உண்டாக்கும் என்பதை விட, இருக்கும் பதற்றத்துக்குப் பெயர் வைக்கும் என்பதே சரி. 'ஜாஸ்' படத்தில் (1975) ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுரங்கள் வேலை செய்வது, அவை ஒலித்தால் சுறா வருகிறது என்று முதலில் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதால்தான். இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாகி நின்றதால் அதை அதிகம் காட்ட முடியாமல் போனதும் அந்தப் படத்துக்கு நல்லதாகவே முடிந்தது. உங்கள் படத்தில் முதல் விநாடியிலிருந்தே வயலின்கள் இழுக்கின்றன, அதனால் எப்போது பயப்பட வேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை. எல்லா இசையையும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மின்தூக்கியின் விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, இரும்புக் கதவின் கீல், இவை போதும். அவள் சோபாவில் சாய்ந்திருக்கும்போது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை யாரோ அணைக்கிறார்கள் என்று ஒலித்தடத்தில் ஒரு வெட்டு வையுங்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் கேட்கும் முதல் சத்தம் எதுவாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால், ஈரக் காலுறை தரையில் ஒட்டிப் பிரியும் சத்தத்தை வைப்பேன்.